பணத்தை எண்ணலாம், 'மணி'யை எண்ண முடியாது

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆங்கிலக் கட்டுரையில் 'ஃபர்னிச்சர்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று எழுதியதற்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். எண்ண முடியாத பொருள்களுக்குப் பன்மை கிடையாதாம். நாற்காலியை எண்ண முடியாதா? பணத்தை எண்ணாமலா வங்கியில் கொடுக்கிறார்கள்? இது என்ன இலக்கணம்?
– ஒரு தாய், விருத்தாசலம்

பதில்: மதிப்பெண் குறைத்தது சரி. சொன்ன காரணம்தான் தவறு. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது ஆங்கில இலக்கணத்தின் மேல் பாய வேண்டியதில்லை. 'எண்ண முடியாத பொருள்' என்று பிள்ளைகளுக்கு எழுதிப்போடுகிறார்களே, அந்த ஒரு வரியின் மேல் பாயட்டும்.

எண்ணலாமா கூடாதா என்பது சொல்லுக்கு உள்ள குணம், பொருளுக்கு உள்ளதல்ல. கூடத்தில் நாலு நாற்காலி கிடக்கிறது. 'ஃபோர் சேர்ஸ்' என்றால் சரி. அதே நாலையும் 'ஃபர்னிச்சர்' என்று சொன்னால் அந்தச் சொல்லோடு எண் ஒட்டாது. 'ருபீஸ்' என்ற சொல்லோடு எண் ஒட்டும், பணத்தைக் குறிக்கும் 'மணி'யோடு ஒட்டாது. அரிசி 'ரைஸ்', ஒருமை. அதைப் போலவே பொடியான பருப்பு 'லென்டில்ஸ்', பன்மை. கோதுமைக்கு 'வீட்' ஒருமை, ஓட்ஸோ பன்மை. இதில் பொருளைப் பார்த்து எந்தப் பிள்ளை விதியைக் கண்டுபிடிக்கும்? 'இன்ஃபர்மேஷன்' பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். பிரெஞ்சில் இன்றும் அதற்குப் பன்மை உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. தகவல் இரண்டு நாட்டிலும் தகவல்தானே!

உங்கள் மகள் கவனக்குறைவால் எழுதவில்லை. தகவல்கள், ஆலோசனைகள் என்று தமிழில் இயல்பாகச் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில் 'ஸ்' வந்து விழுகிறது. நம் மொழியில் 'பத்து மாடு வந்தது' என்றாலும் பிழையில்லை. 'மாடு' போன்ற சொற்களை, ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் பால்பகா அஃறிணைப் பெயர் என்று நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. 'டென் கௌ' என்று எழுத முடியாது.

பிறமொழிக்காரர்கள் இதில் தடுமாறுவதைக் கண்ணெதிரே பார்த்தவர் ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அவரும் இரு துணையாசிரியர்களும் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. எண்ணும் பெயருக்கு ('கவுன்டபிள்') சி, எண்ணாப் பெயருக்கு ('அன்கவுன்டபிள்') யூ என்று அதில் குறியிட்டார்கள். இன்று ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி என்று கடையில் கிடைப்பது அதன் வழிவந்ததுதான். பள்ளி நோட்டில் இருக்கும் பட்டியலைவிட அந்த ஒற்றை எழுத்துக் குறி ஆயிரம் மடங்கு பயன் தரும். ஏனென்றால் பல சொற்களுக்கு இரண்டு குறியுமே இருக்கும். தலையில் இருக்கும் முடி 'ஹேர்', யூ. சாம்பாரில் கிடந்த முடி 'அ ஹேர்', சி. எழுதும் காகிதம் என்றால் 'பேப்பர்' யூ, வினாத்தாள் என்றால் சி. ஓட்டலில் 'டூ காஃபீஸ்' என்று கேட்பதும் நல்ல ஆங்கிலமே.

மகளுக்கு அந்த அகராதியை வாங்கிக் கொடுங்கள். யூ என்று கண்டால் 'ஸ்', 'அ', 'மெனி' மூன்றும் வேண்டாம், 'மச்' வரும். எண் சொல்லியே ஆக வேண்டுமானால் 'த்ரீ பீசஸ் ஆஃப் லக்கேஜ்' என்று எழுதட்டும். 'நியூஸ்' என்ற சொல்லையும் அதில் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் யூதான். கடைசியில் இருக்கும் 'ஸ்'ஸைப் பன்மை என்று நம்பி 'ஆர்' போட்டு இன்னொரு மதிப்பெண்ணை இழக்க வேண்டாம்.