சுவரில் ஓடுவது ஓநாய்ச் சிலந்தியா?

குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. ஓநாய்ச் சிலந்தி என்கிறான் மகன். அப்படியா? (சிங்கப்பூர் ஈசூன் வாசகி)

இல்லைங்க. நீங்கள் அனுப்பிய படத்தில் உடல் தட்டையாக, கால்கள் நண்டுபோல் பக்கவாட்டில் விரிந்திருக்கின்றன. அது ஹன்ட்ஸ்மேன் சிலந்தி. கரப்பானைத் தேடி வந்திருக்கும். ஓநாய்ச் சிலந்தி என்று எனக்கு வரும் படங்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. ஓநாய்ச் சிலந்திக்குத் தரைதான் இடம்: புல், சருகு, கால்வாய் ஓரம். நம் புல்தரையில் ஓடுபவற்றில் பல விரல் நகத்தைவிடச் சின்னவை.

ஒரு சிலந்தி பின்னால் வெள்ளை உருண்டையை இழுத்துக்கொண்டு ஓடுகிறதே, என்ன அது? (பொங்கோல்)

முட்டைப்பை. ஓநாய்ச் சிலந்தியை அடையாளம் காண இதைவிட நல்ல குறி கிடையாது. வயிற்று நுனியில், நூல் வரும் இடத்தில் ஒட்டிக்கொண்டே வேட்டைக்கும் போகும். ஹன்ட்ஸ்மேன் என்றால் பையை மார்புக்கடியில் அணைத்திருக்கும். பையைப் பிடுங்கினால் தாய் தேடி அலையும். அதே அளவில் தக்கை உருண்டையைப் போட்டால் அதையும் ஒட்டிக்கொள்ளும்! குஞ்சு பொரிந்ததும் பையின் தையலைத் தாயே கடித்துப் பிரிக்கும். குஞ்சுகள் கால்வழியே ஏறி முதுகில் அடுக்கடுக்காக உட்கார்ந்துவிடும், ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு. அந்த நேரத்தில் செருப்பால் அடித்துப் பாருங்கள், ஒன்று நூறாகச் சிதறி ஓடும். அடிக்காதீர்கள் என்பதைத்தான் இப்படிச் சொல்கிறேன்.

இரவில் கண் மின்னுமாமே?

மின்னும். மொத்தம் 8 கண்: கீழ்வரிசையில் சின்னதாக 4, அதற்கு மேல் பெரிதாக 2, தலையின் மேல்பக்கம் 2. பூனைக்கண்ணில் இருப்பதுபோல் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் இதற்கும் உண்டு. டார்ச்சை உங்கள் கண் பக்கத்தில் வைத்துப் புல்லில் அடியுங்கள். இடுப்பில் பிடித்தால் ஒன்றும் தெரியாது. புலாவ் உபின் தீவில் முதல்முறை பார்த்தபோது பனித்துளி என்றே நினைத்தேன். துளி நடந்தது.

ஓநாய்போல் கூட்டமாக வேட்டையாடுமா?

தனியாகத்தான். பதுங்கிப் பாயும், கொஞ்சம் துரத்தும்.

கடித்தால்? (பிடோக்)

கையில் நசுங்கினால் கடிக்கும். குளவி கொட்டியதுபோல் வலி, சிவப்பு. சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வையுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே மருத்துவமனை.

வலையே பின்னாதா?

பெரும்பாலானவை பின்னாது. ஆனால் ஹிப்பாசா இனம் விதிவிலக்கு. காலையில் திடலில் பனி படிந்த வெள்ளைத் துணிபோல் புல்மேல் விரிந்து, ஒரு மூலையில் புனலாகக் குழிந்திருப்பது அதன் வலைதான். புனல் வாயில் உட்கார்ந்திருக்கும். நிழல் விழுந்தாலே உள்ளே போய்விடும்.

ஊரில் வயலில் இதே சிலந்தியைப் பார்த்திருக்கிறேன். பயிரைத் தின்னுமா? (தஞ்சாவூர்க்காரர், உட்லண்ட்ஸ்)

பயிரைத் தொடாது. ஓநாய்ச் சிலந்தியில் பார்டோசா இனம் அது. நெல்லின் அடித்தண்டில் சாறுறிஞ்சும் புகையான் பூச்சியைத்தான் தின்னும். கண்டபடி மருந்தடித்தால் முதலில் சிலந்தி சாகும், பிறகு புகையான் பெருகும். உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், பார்த்திருப்பார்.