நாலு திறப்பு

வணக்கம் ஐயா,

கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் பூசைக்குப் போன அம்மா திரும்பி வரவில்லை. அப்பா இன்றுவரை அம்மாவின் செருப்பைக் கதவடியிலிருந்து எடுக்க விடுகிறார் இல்லை. தங்கச்சி வெடிச் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் ஓடிக் கதவைப் பூட்டிக்கொள்வாள். மரணச் சான்றிதழ், நஷ்டஈட்டுப் படிவம், வீட்டுச் செலவு எல்லாம் நான்தான் பார்த்தேன். ஒருநாள்கூட அழவில்லை. சனம் என்னைக் கெட்டிக்காரி என்கிறது. துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் இருப்பதாக வாசித்தேன். அதில் ஒன்றுகூட எனக்கு வரவில்லை. என் மனசு கல்லாகிவிட்டதா?

வாசகி (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள பிள்ளைக்கு,

முதலில் அந்த ஐந்து கட்டங்களைத் தூக்கி ஒரு பக்கம் வையுங்கள். 1969இல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர் அதை எழுதியது, தீராத நோயோடு சாவை எதிர்பார்த்துக் கிடந்தவர்களிடம் பேசிப் பார்த்துத்தான். காலையில் பூசைக்குப் போன அம்மாவைப் பறிகொடுத்தவர்களை வைத்து அல்ல. பிறகு எப்படியோ அது எல்லாத் துக்கத்துக்கும் பாடத்திட்டம் மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் அதில் பெயிலாகவில்லை.

ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் சொன்னது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. துக்கப்படுகிறவர் இரண்டு பக்கமும் போய் வருவாராம். கொஞ்ச நேரம் இழப்போடு இருப்பார், அப்புறம் எழும்பிப் போய்க் கரண்ட் பில் கட்டுவார். உங்கள் வீட்டில் என்ன நடந்தது? அப்பா ஒரு பக்கமே நின்றுவிட்டார், நீங்கள் மற்றப் பக்கமே நின்றுவிட்டீர்கள். அவருக்கும் சேர்த்து நீங்கள் பில் கட்டுகிறீர்கள். உங்களுக்கும் சேர்த்து அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், வெள்ளவத்தையில் எங்கள் வீடு எரிந்தது. கடைக்குப் போன அப்பா வரவேயில்லை. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் அம்மா என்னையும் தம்பியையும் பக்கத்தில் படுக்கவைத்து, பிஸ்கட்டை எண்ணிப் பிரித்துத் தந்தார். அழவில்லை. அடுத்த பாயிலிருந்த ஒரு மாமி ‘நெஞ்சழுத்தக்காரி’ என்றது என் காதில் விழுந்தது.

நாலு வருஷம் கழித்து, வாடகை வீட்டுக்குப் பூட்டு வாங்கப் புறக்கோட்டைக்குப் போனோம். திறப்பு (சாவி) வெட்டுகிறவர் எத்தனை வேண்டும் என்று கேட்டார். அம்மா யோசிக்காமல் ‘நாலு’ என்றார். முதல் மூன்றும் வெட்டி முடியும்வரை சாதாரணமாகத்தான் நின்றார். நாலாவதை அவர் அராவி, ஊதித் தூள் தட்டி, கையில் வைத்தார். அம்மா அப்படியே ரோட்டில் குந்திவிட்டார். அப்படியொரு சத்தம் அவரிடமிருந்து வந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. மூட்டை தள்ளிவந்த நாட்டாமி ஒருவர் வண்டிலை நிறுத்திவிட்டு, நாங்கள் எழும்பும்வரை மறைப்பாக நின்றார். அந்த நாலாவது திறப்பு கடைசிவரை எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது.

உங்களுக்கும் இப்படி வரும் என்று சாத்திரம் சொல்ல மாட்டேன். வராமலும் போகலாம். அழுகையை வைத்துப் பாசத்தை அளக்காதீர்கள், அவ்வளவுதான். உங்கள் துக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது கோப்பாகவும் இருக்கிறது. அன்று 260 பேருக்கு மேல் செத்தார்கள். முன்கூட்டியே தகவல் கிடைத்தும் தடுக்கவில்லை என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கட்டச் சொன்னது. ஆனாலும் ஒவ்வொரு ஏப்ரலிலும் அதே கேள்விகள், அதே கேமராக்கள். கேள்வி முடியாத சாவைப் படிவத்தோடு படிவமாகத்தான் கட்டிவைக்க முடிகிறது.

தங்கச்சியின் விஷயம் வேறு. அது துக்கம் மட்டுமல்ல, அந்த அதிர்ச்சி உடம்பில் தங்கிவிட்டது. அதற்குச் சிகிச்சை இருக்கிறது, பிந்தினாலும் பலன் தரும். 1926க்கு எடுத்துப் பேசுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். அந்த நிறுவனம் இருப்பதாலேயே கொழும்பில் நாங்கள் ‘அங்கொடை’ என்ற ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். அந்தக் கூச்சத்துக்குப் பயந்து பிள்ளையைக் குளியலறைக்குள் விட்டுவிடாதீர்கள்.

செருப்பு? இருக்கட்டும். யாருக்கும் தடக்கவில்லையே. ஆனால் அடுத்த மாதக் கரண்ட் பில்லை அப்பாவின் கையில் கொடுங்கள். பிந்தித்தான் கட்டுவார், சிவப்பு நோட்டீஸ் வந்தாலும் வரட்டும். அவர் போய் வருகிற அந்த அரை மணித்தியாலம் நீங்கள் கதவடியில் இருங்கள்.