கன்சல்டன்சி தொழில்: பில் போட்டால் போதுமா, பணம் வர வேண்டாமா?

சிறு அளவில் கன்சல்டன்சி நடத்தும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேட்டவர்களில் பெரும்பாலானோர் தரச்சான்று, உற்பத்தி மேம்பாடு போன்ற துறைகளில் இருப்பதால் உதாரணங்களும் அங்கிருந்தே.

கேள்வி: பம்ப் உதிரிகள் செய்யும் கம்பெனிகளுக்கு ஐஎஸ்ஓ 9001 வாங்க வழிகாட்டுகிறேன். வேலையில் இருந்தபோது மாதம் 75,000 ரூபாய் சம்பளம். அதை 25 நாளால் வகுத்து, நாளுக்கு 3,000 வாங்குகிறேன். ஓயாமல் உழைத்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லையே?
– வாசகர், கோவை

நிற்காதுதான். சம்பளக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துச் சம்பளம். உங்களுக்கு பில் போட்ட நாளுக்கு மட்டும்தான் காசு.

365 நாளில் சனி, ஞாயிறு 104. பண்டிகை விடுமுறை 15, உடம்புக்கும் வீட்டுக்கும் 16 என்று வைத்தால் மிஞ்சுவது 230. அதிலும் பாதி நாள் புதுப் பார்ட்டியைப் பார்க்க, கொட்டேஷன் போட, பாக்கி கேட்க, ஆடிட்டரிடம் உட்கார என்று போய்விடும். ஆக, பில் போடக்கூடியவை 115 நாள். உங்கள் பழைய சம்பளம் ஆண்டுக்கு 9 லட்சம். பெட்ரோல், லேப்டாப், வாடகை, ஆடிட்டர், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 3 லட்சம் என்று வைப்போம். இந்த 12 லட்சத்தின் மேல், வராக்கடனுக்கும் வேலையில்லாத மாதத்துக்கும் 15 சதவீதம் சேர்த்தால் 13.8 லட்சம். 115-ஆல் வகுத்தால் நாளுக்கு 12,000 ரூபாய்.

இந்த நாள் கணக்கைப் பார்ட்டியிடம் காட்டாதீர்கள். வேலைக்கு மொத்த விலை சொல்லுங்கள். 40 பேர் வேலை செய்யும், ஒரே இடத்தில் இயங்கும் பட்டறை என்றால் முதல் ஆய்வு 1 நாள், ஆவணங்கள் 5, பயிற்சி 2, நேரில் சென்று பார்ப்பது 6, உள் தணிக்கை 2, நிர்வாக மறுஆய்வு 1, சான்று தணிக்கையின் இரண்டு கட்டங்களுக்கும் உடனிருக்க 2. மொத்தம் 19 நாள், 2,28,000 ரூபாய். கேட்டதும் முதலாளி முகம் சுளிப்பார். இதில் கால்வாசிக்குச் செய்து தரவும் ஊரில் ஆள் இருக்கிறார்கள். அவர்கள் கொடுப்பது, கம்பெனி பெயரை மட்டும் மாற்றிய பழைய ஃபைல். அந்த விலையோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

நாள் ரேட்டில் கை வைக்காமல் வேலையைக் குறையுங்கள். ஆவணங்களை அவர்கள் ஆட்களே எழுதட்டும், நீங்கள் மாதிரி கொடுத்துத் திருத்துங்கள். 5 நாள் 2 ஆகும். நேரில் போவதை 6-லிருந்து 4 ஆக்குங்கள். 14 நாள், 1,68,000 ரூபாய். அதற்கும் ஒத்துவராத பார்ட்டி உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: கொட்டேஷனில் 'சான்றிதழ் கிடைக்கும் வரை முழு உதவி' என்று எழுதினேன். பாதிப் பணம் சான்றிதழ் வந்த பிறகு. எட்டு மாதமாகியும் வேலை முடியவில்லை.
– வாசகி, ஓசூர்

'முழு உதவி' என்ற இரண்டு சொல்தான் வினை. சான்றிதழ் உங்கள் கையில் இல்லை. கம்பெனி தன் வெர்னியர், மைக்ரோமீட்டர் போன்ற அளவுக் கருவிகளை காலிபரேஷனுக்கு (அளவு துல்லியமா என்ற சோதனைக்கு) அனுப்பவில்லை என்றால் தணிக்கை தள்ளிப்போகும். இரண்டு மூன்று மாதப் பதிவேடு சேராமல் தணிக்கைக்குப் போனாலும் பயனில்லை. பொறுப்பாக இருந்த எம்.ஆர். (தர வேலைக்கான நிர்வாகப் பிரதிநிதி) வேலையை விட்டுப் போனால் முதலிலிருந்து பயிற்சி. இவை எல்லாவற்றுக்கும் உங்கள் பணம் பிணையாக நிற்கிறது.

தவணைகளை நீங்கள் செய்து கொடுக்கும் வேலையோடு கட்டுங்கள். ஆர்டர் கொடுக்கும்போது 30 சதவீதம், ஆவணங்களை ஒப்படைத்ததும் 30, உள் தணிக்கை அறிக்கை கொடுத்ததும் 30. கடைசி 10 சதவீதத்தை இரண்டாம் கட்டத் தணிக்கைக்கு விடலாம், 'அல்லது உள் தணிக்கை முடிந்து 60 நாள், எது முந்தியதோ அது' என்ற வரியோடு.

எத்தனை இடம், எத்தனை துறை, எத்தனை முறை வருவீர்கள், எத்தனை சுற்று திருத்தம் என்று எண்ணிக்கையாகவே எழுதுங்கள். அதற்குக் கீழே, இதில் சேராதவை: சான்றிதழ் நிறுவனத்தின் கட்டணம், காலிபரேஷன் செலவு, ஆள் மாறினால் மறுபயிற்சி, கூடுதலாக வரும் நாளுக்கு இன்ன தொகை. 'சார், ஒரே ஒரு ஃபார்மட் மட்டும்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை மறுக்க வேண்டியதில்லை. 'செய்யலாம், அரை நாள் கணக்கில் சேரும், சரியா?' என்று பதில் போடுங்கள். பாதிக் கோரிக்கை அங்கேயே நின்றுவிடும்.

இப்போது மாட்டியிருக்கும் வேலைக்கு: இதுவரை முடித்தவற்றைத் தேதியோடு பட்டியல் போட்டு மின்னஞ்சல் அனுப்பி, மீதிக்குப் புது அட்டவணை கேளுங்கள்.

கேள்வி: 1,18,000 ரூபாய்க்கு பில். வங்கியில் வந்தது 1,08,000. அதிலும் ஜிஎஸ்டி நான் கட்ட வேண்டுமாம். எனக்கு என்னதான் மிச்சம்?
– வாசகர், அம்பத்தூர்

கட்டணம் 1,00,000, ஜிஎஸ்டி 18,000. கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் கொடுப்பவரே பிடித்துக் கட்டும் வருமான வரி, பிடித்தார்கள், 10,000. வந்த 1,08,000-இல் 18,000 அரசுப் பணம். இன்று உங்களுடையது 90,000. பிடித்த 10,000 உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாகும். வருமான வரித் துறை தளத்தில் உங்கள் பெயரில் அது ஏறியிருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒரு முறை பாருங்கள். ஏறவில்லை என்றால் உடனே அவர்கள் கணக்குப் பிரிவைப் பிடியுங்கள், வருமான வரி ரிட்டர்ன் போடும் நேரம் வரை காத்திருக்காதீர்கள். பில்லில் ஜிஎஸ்டியைத் தனி வரியாகக் காட்டினால் கட்டணத்தின் மேல் மட்டும்தான் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். சேர்த்து எழுதினால் 1,18,000-க்கும் பிடித்துவிடுவார்கள்.

கையைக் கடிப்பது வேறொன்று. பணம் வந்ததா இல்லையா என்று ஜிஎஸ்டி பார்க்காது. மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர் மார்ச் 28-ஆம் தேதி பில் போட்டால் ஏப்ரல் 20-க்குள் 18,000 கட்டியாக வேண்டும். பார்ட்டி ஜூனில் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி. வராக்கடன் ஆனாலும் கட்டிய வரி திரும்பாது. சேவை முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பில் போட்டால் போதும் என்பதால், 25-ஆம் தேதி முடிந்த வேலைக்கு அடுத்த மாதம் 1-ஆம் தேதி பில் போடுங்கள். ஒரு மாத மூச்சு கிடைக்கும். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் ஓடும், தவணை முறை ஒப்பந்தத்தில் இந்தச் சலுகை இல்லை: அந்தந்தக் கட்டம் முடியும் நாளுக்குள், அல்லது ஒப்பந்தத்தில் தவணைத் தேதி இருந்தால் அந்தத் தேதிக்குள் பில் போட வேண்டும். அட்வான்ஸ் வாங்கினால் சேவைக்கு அப்போதே வரி.

ஜிஎஸ்டி பணத்துக்கு ஒரு தனி வங்கிக் கணக்கு வைத்து, பணம் வந்த அன்றே மாற்றிவிடுங்கள். ஆண்டு வருவாய் 20 லட்சத்துக்குள் என்றால் பதிவே கட்டாயமில்லை.

கேள்வி: பெரிய கம்பெனி ஒன்று 'எங்கள் பாலிசி 90 நாள்' என்று இழுத்தடிக்கிறது.
– வாசகர், திருப்பூர்

குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உதயம் பதிவு இருக்கிறதா? இணையத்தில் இலவசம், காசு கேட்கும் இடைத்தரகர் தளங்களுக்குப் போகாதீர்கள். குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவர்களுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்தான் உச்ச வரம்பு, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். இது 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி.

வட்டியைக் காட்டி மிரட்டினால் உறவு கெடும். வரி விதியைச் சொல்லுங்கள். 2023-24 நிதியாண்டு முதல், கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை, பணத்தை உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் அந்தக் கம்பெனி கழிக்க முடியும். மார்ச் பிறந்தால் அவர்கள் கணக்குப் பிரிவுக்கு இந்த நினைப்பு தானாகவே வரும். பில்லில் உதயம் எண் கண்ணில் படும்படி இருந்தால் போதும்.

நாள் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் தகராறு வரும். அறிக்கையைக் கொடுத்ததும் தேதி, கையெழுத்து, சீலோடு ஒப்புதல் வாங்குங்கள். 15 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், கொடுத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். புது வேலை தொடங்கும் முன்பே உதயம் பதிவை முடித்துவிடுங்கள். எதுவும் பலிக்காதபோது மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார்; அது மாநிலத்தின் தீர்வு கவுன்சிலுக்குப் போகும். அந்தக் கம்பெனியோடு இனி வேலை வேண்டாம் என்று முடிவானால் மட்டும் அந்தப் படியேறுங்கள்.

கேள்வி: ஆளைக் கூட்டி வந்தால் கமிஷன் தருவதாக ஒரு சான்றிதழ் நிறுவனம் சொல்கிறது. வாங்கலாமா?
– வாசகர், சேலம்

வேண்டாம். சான்றிதழ் நிறுவனங்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17021-1 தரநிலைப்படி அவை கன்சல்டன்சி செய்யக் கூடாது, கன்சல்டன்டோடு சேர்த்துத் தம்மை விற்கவும் கூடாது. கமிஷன் கொடுத்து ஆள் பிடிக்கும் இடத்தில் தணிக்கையும் அதே லட்சணத்தில்தான் இருக்கும். பார்ட்டிக்கு மூன்று நிறுவனங்களின் கொட்டேஷன் வாங்கிக் கொடுத்து, அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மூன்றுக்கும் என்ஏபிசிபி (சான்றிதழ் நிறுவனங்களை அங்கீகரிக்கும் இந்திய வாரியம்) அல்லது அதற்கு இணையான அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா, அந்த அங்கீகாரம் பார்ட்டியின் தொழில் பிரிவுக்கும் பொருந்துகிறதா என்று பணம் கட்டும் முன் சரிபாருங்கள். அங்கீகாரம் இல்லாத சான்றிதழைப் பெரிய வாங்குநர்கள் திருப்பி அனுப்பினால், அப்போது போன் உங்களுக்குத்தான் வரும்.