பல்சமயக் குழுக்களால் அமைதிக்கு உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது அவை மேடைக்கும் புகைப்படத்துக்கும் மட்டும்தானா?

நல்லிணக்கக் கூட்டம் என்று யாரோ அழைத்ததை நம்பிப் போய், மதத் தலைவர்கள் கைகோத்துப் படம் எடுத்துக்கொண்டு கலைந்ததைப் பார்த்த பிறகு நீங்கள் இக்கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் உங்கள் சலிப்பு நியாயமானதே. ஆனால் அந்த மேடையை வைத்துத் தெருவில் இறங்கி வேலை செய்யும் குழுக்களையும் எடை போட்டுவிட வேண்டாம். அப்படிப்பட்ட ஒரு குழுவில் பல ஆண்டுகளாக உறுப்பினராக இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

நான் வாழும் பகுதியில் ஒரு முறை இரு மதத்தாருக்கும் இடையே கலவரம் மூண்டு, வீடுகளும் கடைகளும் எரிந்தன. யார் தொடங்கினார்கள், யாருக்கு இழப்பு அதிகம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மற்றதெல்லாம் மறைந்து அது ஒன்றுதான் கண்ணில் படும். தீ அணைந்த பிறகு, இழப்பீட்டுக்காக இரு தரப்பும் தனித்தனியே பட்டியல் தயாரித்தன. ஒருவர் பட்டியலை மற்றவர் பொய் என்றார். அதையே காரணமாகக் காட்டி அதிகாரிகள் இரண்டையும் கிடப்பில் போட்டார்கள். அப்போது எங்கள் குழு ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டது. வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த இருவர் இருவராக வீடு வீடாகச் சென்று இழப்பைக் கணக்கெடுப்பது, பாதிக்கப்பட்டவரின் மதத்தைச் சாராதவர் அதில் சாட்சிக் கையொப்பம் இடுவது என்று முடிவு செய்தோம்.

எரிந்த கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்த தையல் தொழிலாளி ஒருவர், என் பெயரைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னுடன் வந்த மூத்த பெண்மணி அவருடைய மதத்தைச் சேர்ந்தவர். "இவர் எழுதட்டும் தம்பி. எழுதியதை வரிக்கு வரி நான் வாசித்துக் காட்டுகிறேன். தப்பாக இருந்தால் தாளைக் கிழித்துப் போடுவோம்" என்றார். நெடுநேரம் கழித்தே அந்தத் தையல் தொழிலாளி வாய் திறந்தார். இரண்டு தையல் இயந்திரங்கள், அவற்றில் ஒன்று கடனில் வாங்கியது. தைக்கக் கொடுத்திருந்த பிறருடைய துணிகள். எது யாருடையது என்று குறித்து வைத்திருந்த அளவு நோட்டு. அந்தத் துணிகளை அவருடைய இழப்பாகச் சேர்க்கலாமா என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. பொருள் அவருடையதல்ல என்றாலும் கேட்டு வருபவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான் என்பதால் சேர்த்தோம். பட்டியலை ஒப்படைத்தபோது, மிகைப்படுத்தி எழுதியிருக்கிறீர்கள் என்றார் அதிகாரி. சாட்சிகளின் பெயர்களைப் படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டோம். படித்த பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பெரும்பாலான குடும்பங்களுக்கு இழப்பீடு கிடைத்தது. வாடகைக்கு இருந்த சிலர் ஆவணம் இல்லாததால் விடுபட்டார்கள், அவர்களுக்கான மேல்முறையீடு இன்னும் நடக்கிறது.

இதனால் பகை ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. எங்கள் குழுவில் கடவுளைப் பற்றி எல்லாரும் ஒரே கருத்துடையவர்களும் அல்லர். நீதியைப் பற்றிப் பேசினால் மீண்டும் சண்டை வரும், அமைதியை மட்டும் பேசுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. வீடு இழந்தவரிடம் போய் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேறு நாடுகளிலும் இத்தகைய முயற்சிகள் பயன் தந்திருக்கின்றன. மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் 1989இல் தொடங்கிய உள்நாட்டுப் போர், இடையில் சில ஆண்டுகள் ஓய்ந்திருந்து, 2003 வரை நீடித்தது. அவ்வாண்டு அமைதிக்காகப் போராடிய லேமா குபோவீ என்ற பெண்ணுடன் கிறித்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடையில் தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தை அருகே வெயிலென்றும் மழையென்றும் பாராமல் நாள்தோறும் அமர்ந்தார்கள். கானாவின் அக்ராவில் அமைதிப் பேச்சுவார்த்தை இழுபட்டுக்கொண்டே போனபோது, அங்கே சென்ற பெண்கள் மண்டப வாயிலை மறித்து உட்கார்ந்து, பேச வந்தவர்களை வெளியேற விடவில்லை. சில வாரங்களில், ஆகஸ்ட் 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. பன்னாட்டு அழுத்தமும் அதற்குக் காரணம் என்று சிலர் எடுத்துச் சொல்லக்கூடும். உண்மைதான், ஆனால் அதனால் அந்தப் பெண்களின் பங்கு சிறுத்துவிடாது. நைஜீரியாவின் கடூனாவில் போதகர் ஜேம்ஸ் வூயேயும் இமாம் முஹம்மது அஷாஃபாவும் எதிரெதிர் ஆயுதக் குழுக்களில் இருந்தவர்கள். 1992ஆம் ஆண்டு வன்முறையில் முன்னவர் வலது கையையும், பின்னவர் தம் ஆசானையும் உறவினர் இருவரையும் இழந்தார்கள். அவ்விருவரும் சேர்ந்து 1995இல் ஒரு சமரச மையத்தைத் தொடங்கினார்கள்.

யுனைடெட் ரிலிஜன்ஸ் இனிஷியேட்டிவ் என்ற உலக அமைப்பின் உள்ளூர் வட்டம் ஒன்றில் குறைந்தது ஏழு பேர், குறைந்தது மூன்று சமய மரபுகளிலிருந்து இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று என்ற எண்ணிக்கையின் அருமை எங்கள் குழுவிலேயே எனக்குப் புரிந்தது: இரு தரப்பும் முறைத்துக்கொண்டு நின்ற நாள்களில் கூட்டம் கலையாமல் காத்தவர்கள் மூன்றாம் மதத்தைச் சேர்ந்தவர்கள்தாம்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பணியைப் பாராட்ட முன்வந்த ஓர் அறக்கட்டளை, படம் எடுப்பதற்காக அவரவர் மத உடையில் வரச் சொன்னது; எரிந்த வீடு ஒன்றிலும் கால் வைக்காத தலைவர்களை முன்வரிசையில் உட்கார வைத்தது. வரிக்கு வரி வாசித்துக் காட்டிய அந்தப் பெண்மணிக்கு அழைப்பே போகவில்லை. அதனால்தான் உங்கள் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது.

உங்கள் பகுதியில் பல்சமயக் குழு இருந்தால், கடைசியாக அவர்கள் யாருக்காக, எந்த அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். அதற்குத் தெளிவான பதில் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள்.