நாய்க்குட்டிக்கு வந்தது பிள்ளைக்கு ஏன் வரவில்லை?

வணக்கம். எங்கள் வீட்டுக்கு நாய்க்குட்டி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவசரம் வந்தால் கதவருகே நின்று முனகுகிறது, திறந்துவிட்டால் வெளியே போய் இருந்துவிட்டு வருகிறது. மகனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. பகலில் ஒழுங்காகச் சொல்லிவிடுவான். இரவில் வாரத்துக்கு மூன்று நாளாவது படுக்கை நனைகிறது. "நாய்க்கு இருக்கிற அறிவுகூட இல்லையே" என்று என் கணவர் அவன் காதுபடவே சொன்னார். விலங்குகளுக்கு இது அறிவால் வருவதா?
— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அடக்கும் கருவி நாய்க்கும் உங்கள் மகனுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சிறுநீர்ப்பையின் வாயில் இரண்டு இறுக்கங்கள். உள்ளே இருப்பது தானாக இயங்கும், நம் பேச்சைக் கேட்காது. வெளியே இருக்கும் சுருக்குத் தசை நம் வசம். பெரியவர்களுக்கு 150, 200 மில்லிலிட்டர் சேர்ந்ததுமே பை மூளைக்கு முதல் சேதி அனுப்பிவிடும். மூளைத்தண்டில் ஒரு சின்ன இடம், பையைச் சுருங்கச் சொல்லி வாயைத் திறக்கவும் சொல்கிறது. பாரிங்டன் என்பவர் 1925இல் அதைக் கண்டுபிடித்ததே பூனைகளிடம்தான். அந்த விசையின் மேல் கை வைத்து "இப்போது வேண்டாம், பொறு" என்று சொல்வது முன்மூளை. கைக்குழந்தைக்கு அந்தக் கை இன்னும் வளரவில்லை. நிறைந்தால் போகும், அவ்வளவுதான்.

அப்புறம் நாய்க்கு எப்படி இத்தனை சீக்கிரம் வந்தது? அதற்குப் படுக்கும் குழி என்று ஒன்று உண்டு. ஒருமுறை தாயில்லாத பூனைக்குட்டிகள் மூன்றை வளர்த்தேன். பால் குடித்து வயிறு உப்பிக் கிடக்கும், ஒரு சொட்டு வெளியே வராது. வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பக்கம் மெல்லத் தடவினால்தான் வரும். தாய்ப்பூனை நாக்கால் செய்வது அதைத்தான். வருவதைத் தானே விழுங்கியும் விடும். குழி சுத்தமாக இருக்கும், வாடை பிடித்து எதிரியும் வராது. நாய்க்குட்டிக்கும் இதே வழிதான். நடக்கத் தெரிந்த நாள் முதல் படுக்கும் இடத்தை விட்டு விலகிப் போய்த்தான் சிறுநீர் கழிக்கும். வீடு முழுவதுமே குழிதான் என்று அதற்குப் புரியவைத்தது மட்டும்தான் நீங்கள் செய்தது.

மாட்டுக்கு அப்படிக் குழி கிடையாது. மேய்ந்துகொண்டே போகும், போட்டுக்கொண்டே போகும். அதற்காக முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2021இல் வெளியான ஓர் ஆய்வில் 16 கன்றுகளுக்குக் குறிப்பிட்ட இடத்தில் போய்ச் சிறுநீர் கழிக்கப் பழக்கினார்கள். சரியாகச் செய்தால் தீனி, தவறினால் மேலே கொஞ்சம் தண்ணீர். 11 கன்றுகள் கற்றுக்கொண்டன.

நம் உறவுக்காரர்களான சிம்பன்சிகள் இரவுக்கு இரவு புதுக் கூடு கட்டுகிறவை. நேற்றுப் படுத்த இடம் நாறினால் அவற்றுக்கு என்ன கவலை? நமக்கும் நாய்க்குள்ளது போன்ற குழி உணர்வு கிடையாது என்றுதான் நினைக்கிறேன். எல்லாவற்றையும் முன்மூளையைக் கொண்டு, பார்த்துப் பழகித்தான் கற்கவேண்டியிருக்கிறது.

அந்த முன்மூளை இரவில் தூங்கிவிடுகிறது! நாய் விட்டுவிட்டுத் தூங்கும் பிராணி, விழித்து முனகிவிடும். பிள்ளையின் தூக்கம் அப்படியில்லை. படுக்கை நனையாமல் இருக்க, இரவில் சிறுநீர் குறைவாகச் சுரக்கவேண்டும் (வாசோபிரசின் என்ற ஹார்மோன் பார்த்துக்கொள்வது அது), இல்லாவிட்டால் பை விடியும்வரை தாங்கவேண்டும், அதுவும் இல்லையென்றால் முட்டும்போது விழிப்பு வரவேண்டும். சில பிள்ளைகளுக்கு இவை தாமதமாகக் கூடிவரும். ஐந்து வயதில் 100க்கு 15 பேர் வரை நனைக்கிறார்கள், அதிலும் பையன்கள்தான் அதிகம். தூக்கத்தில் நடப்பதற்குத் திட்டி என்ன ஆகப்போகிறது? எழுந்ததும் அவன் முகத்தைப் பாருங்கள், உங்களைவிட அவனுக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

மலச்சிக்கல் இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். நிறைந்த மலக்குடல் பையை நெருக்கும். அதைச் சரிசெய்தாலே சிலருக்கு இரவு நனைவது நின்றுவிடும். ஆறு மாதம் நனைக்காமல் இருந்து மறுபடி ஆரம்பித்தாலோ, போகும்போது எரிச்சல் இருந்தாலோ, தாகம் அடங்காமல் தண்ணீர் குடித்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று, இது பெரும்பாலும் குடும்பத்தில் வருவது. பெற்றோரில் ஒருவருக்குச் சின்ன வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குச் சற்றுத்தான் குறைவு. உங்கள் கணவர் எந்த வயது வரை படுக்கையை நனைத்தார் என்று மாமியாரிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.