காபி கேள்வி பதில்: மலைக் குளிரும் களத்து வெயிலும்

கடையில ஏற்காடு கொட்டை, கூர்க் கொட்டை, சிக்மகளூர் கொட்டைன்னு தனித்தனியா விலை சொல்றாங்க. எல்லாமே அராபிகாங்கற காபி வகைதான்னும் சொல்றாங்க. ஊர் மாறினா ருசி நிஜமாவே மாறுமா, இல்ல வியாபாரத்துக்கு சொல்றதா?
– ஒரு வாசகி, ஈரோடு

நிஜமாவே மாறும்ங்க. முக்கியமான காரணம் ராத்திரி குளிர். அராபிகாவுக்கு 15லேர்ந்து 25 டிகிரி வரைக்கும் இருந்தாத்தான் ஒத்துவரும், நம்ம பக்கம் அது சுமார் 1000 மீட்டருக்கு மேல போனாத்தான் கிடைக்கும், அங்க ராத்திரி நல்லா குளிரறதால பழம் அவசரப்படாம மெதுவா பழுக்குது, பூ பூத்து பழம் பறிக்க எட்டு ஒன்பது மாசம் ஆயிடும், அதுக்குள்ள கொட்டையில சர்க்கரையும் புளிப்பு குடுக்கற அமிலங்களும் நல்லா சேர்ந்து கொட்டையும் கெட்டியாகுது. கீழ சூட்டுல வளர்ந்தா கார்பைட் கல்லு வச்ச மாம்பழம் மாதிரிதான், நிறம் வந்துடும் ருசி வராது.

புளிப்புன்னதும் பால் திரிஞ்ச புளிப்பா நினைச்சுடாதீங்க. எத்தியோப்பியாவுல யிர்காசெஃபேன்னு ஒரு இடம், 1700 மீட்டருக்கு மேல, அந்த கொட்டைய லேசா வறுத்து பால் இல்லாம குடிச்சா எலுமிச்சையும் மல்லிப்பூ வாசனையும் வரும், ஒரு தடவையாவது குடிச்சுப் பாருங்க. ரொபஸ்டான்னு இன்னொரு காபி வகை இருக்கு, அது கதை வேற, அது வயநாடு மாதிரி தாழ்வான சூடான இடத்த தாங்கும், காஃபின் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, கசப்பும் ஜாஸ்தி, ஆனா நம்ம டிகாக்ஷனுக்கு அந்த கெட்டித்தன்மைய குடுக்கறது அதுதான்.

அப்போ உயரம் ஜாஸ்தின்னா நல்ல காபின்னு கண்ண மூடிட்டு வாங்கலாமா?
– ஒரு வாசகர், கரூர்

வேண்டாம். ஹவாய்ல கோனா காபி 900 மீட்டருக்கு கீழதான் விளையுது, ஆனா உலகம் பூரா பேர் வாங்கின காபி. அந்த தீவு பூமத்திய ரேகையிலேர்ந்து 19 டிகிரி தள்ளி இருக்கு, மத்தியானமானா மேகம் வந்து மூடிக்கும், அதனால அந்த உயரமே போதும். கொலம்பியா ரேகைக்கு பக்கத்துல இருக்கறதால அங்க 1200, 1800ன்னு ஏறணும். மீட்டர் கணக்க விட அங்க எவ்ளோ குளிருதுங்கறதுதான் கணக்கு.

தாண்டிக்குடி பக்கம் சொந்தக்காரங்க தோட்டத்துல காபி இருக்கு. பறிக்கற நேரத்துல மழை புடிச்சுக்கிட்டா ருசியே போச்சுன்னு புலம்பறாங்க. பறிச்ச பழத்துக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

ரொம்ப நல்ல கேள்வி, ஏன்னா செடி மேல இருக்கற வானத்த பத்தி எல்லாரும் பேசறாங்க, களத்து மேல இருக்கற வானத்த யாரும் பேசறதில்ல. பிரேசில்ல பல இடத்துல பறிக்கற சீசன்ல மழையே இருக்காது, அதனால பழத்த தோலோட அப்படியே களத்துல காயப்போட முடியுது, அந்த இனிப்பும் சாக்லேட், வேர்க்கடலை வாசனையும் அதுல வருது. சுமத்ராவுல அடிக்கடி மழை, முழுசா காயவைக்க முடியாது, அதனால பாதி ஈரத்துலயே கொட்டைய மூடியிருக்கற மெல்லிசு ஓட்ட உரிச்சு அப்புறம் காயவைக்கறாங்க, அந்த கொட்டையில மண்வாசனையும் மசாலா நெடியும் வர்றதுக்கு அதுதான் பெரிய காரணம். நம்ம பழனி மலையிலயும் சேர்வராயன்லயும் வடகிழக்கு பருவமழையும் பறிப்பும் ஒண்ணா வந்து மோதுது, பழம் வெடிக்கும், உதிரும், களத்துல ஈரம் நின்னா பூஞ்சை புடிக்கும், பூஞ்சை நெடி வந்துட்டா எப்படி வறுத்தாலும் போகாது. அவங்க புலம்பறது நூத்துக்கு நூறு நியாயம்.

அதே மழைய வச்சு ருசி பண்றவங்களும் இருக்காங்க! மங்களூர் கடற்கரையில ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் பக்கவாட்டுல திறந்த குடோன்ல காஞ்ச கொட்டைய பரப்பி ஈரக்காத்து பட வைப்பாங்க, அப்பப்ப கிளறி விடுவாங்க, கொட்டை ஊதி பெருசாகி வெளிர் மஞ்சளா மாறிடும், புளிப்பு சுத்தமா கொறைஞ்சு கொழகொழன்னு கனமான காபி வரும். மான்சூன்ட் மலபார்னு பேர். அந்தக் காலத்துல பாய்மரக் கப்பல்ல மாசக்கணக்கா கடல் ஈரத்துல போன கொட்டை இப்படி மாறிச்சு, ஐரோப்பாக்காரங்க அதுக்கு பழகிட்டாங்க, கப்பல் வேகமானப்புறம் பழைய ருசி இல்லையேன்னு கேட்க, கரையிலயே செய்ய ஆரம்பிச்சாங்க.

ஆரஞ்சு மரத்துக்கு நடுவுல வளர்ந்தா காபியில ஆரஞ்சு வாசனை வருமாமே?
– ஒரு வாசகி, சேலம்

செடி வழியா அப்படி ஏறாதுங்க. மரம் குடுக்கறது நிழல், அதனால சூடு கொறைஞ்சு பழம் நிதானமா பழுக்கும், அதுவே பெரிய உதவி. ஆனா காஞ்ச கொட்டை வாசனைய இழுத்துக்கும், மிளகு, ஏலக்காய் மூட்டையோட ஒரே ரூம்ல போட்டா நிச்சயமா ஒட்டிக்கும்.

இன்னொண்ணு, நல்லா கருக வறுத்து சிக்கரி கலந்துட்டா ஏற்காடா கூர்கான்னு யாராலயும் சொல்ல முடியாது. கடையில சிக்கரி இல்லாம, மிதமா வறுத்து, ரெண்டு ஊர் கொட்டையில ஒவ்வொண்ணும் 100 கிராம் மட்டும் அரைச்சுத் தரச் சொல்லுங்க, ஒரே ஃபில்டர் அளவு, பால் வேண்டாம், கொஞ்சம் ஆறவிட்டு பக்கத்துல பக்கத்துல வச்சு குடிங்க, சூடு கொறையக் கொறையத்தான் வித்தியாசம் தெரியும்.