பகிடி விடுபவருக்கு ஒரு வீடு இருக்கக் கூடாதா?

கேள்வி: சென்ற இதழில் பொப் ஸ்மித் என்ற அமெரிக்க நகைச்சுவைக்காரரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மேடையில் தனியாக நின்று சிரிக்க வைத்தவர், தொலைக்காட்சிக்கும் எழுதியவர், எல்லாம் சரி. அவர் ஓரினச்சேர்க்கையாளர் என்பதை ஏன் தலைப்பிலேயே போட்டீர்கள்? ஒருவருடைய அந்தரங்கம் நமக்கு எதற்கு? திறமையை மட்டும் எழுதினால் போதாதா? வீட்டில் பிள்ளைகளும் வாசிக்கிற சஞ்சிகை இது.
– பெயர் வேண்டாம், களுவாஞ்சிக்குடி

பதில்: போதாது. அவருடைய வாழ்க்கையை விட்டுவிட்டால் அவருடைய திறமையைப் பற்றியே எழுத முடியாது.

பொப் ஸ்மித்தின் பெயரைப் பரப்பிய ஒரு பகிடி இருக்கிறது. நவம்பர் மாதத்தில் நன்றி தெரிவிக்கும் நாள் என்று அமெரிக்கர்கள் குடும்பமாகக் கூடிச் சாப்பிடுவார்கள். அந்த விருந்தில் வைத்துத் தன் விசயத்தை வீட்டாருக்குச் சொல்லிவிடுவது என்று மகன் முடிவெடுக்கிறான். “அம்மா, அந்தக் குழம்பை ஓர் ஓரினச்சேர்க்கையாளனுக்குக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள்” என்கிறான். அம்மா குழம்பை எடுத்து அப்பாவிடம் கொடுக்கிறார்.

இதிலே நீங்கள் சொல்லும் அந்தரங்கத்தை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள், பகிடியே இல்லை. சரி, இதிலே படுக்கையறை எங்கே வருகிறது? சாப்பாட்டு மேசை இருக்கிறது, தாய் இருக்கிறார், தகப்பன் இருக்கிறார், எப்படிச் சொல்வது என்று பல நாள் தவித்த ஒரு மகன் இருக்கிறான். எந்த வீட்டிலும் இருக்கக் கூடியவர்கள்தான். நம்முடைய பட்டிமன்ற மேடைகளைப் பாருங்கள். மனைவியின் சமையலும் மாமியாரின் வாயும் இல்லாமல் ஒரு பேச்சாளர் இறங்குவது அபூர்வம். அதை அந்தரங்கம் என்று சொல்லி ஒரு கடிதமும் எனக்கு வந்ததில்லை. மனைவியைப் பற்றிக் கதைப்பவர் குடும்பத்தைப் பற்றிக் கதைக்கிறார், ஸ்மித் மட்டும் அந்தரங்கத்தைக் கதைக்கிறார் என்றால், அந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை.

அவர் எந்தக் காலத்தில் மேடை ஏறினார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1958இல் நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், ஒரு பொலிஸ்காரரின் மகனாகப் பிறந்தவர். நியூயோர்க் நகரத்துக்கு வந்து அவர் மேடையில் பழகியது 1980களில். எய்ட்ஸ் நோயில் இளம் ஆண்கள் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அதே வருடங்களில் பெரிய பெயர் எடுத்த நகைச்சுவைக்காரர்கள் அந்தச் சாவை வைத்தே கைதட்டல் வாங்கினார்கள். அப்படிப்பட்ட மேடையில் போய் நின்று, நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பது என்னைப் பார்த்துத்தான், இனி நானே சொல்கிறேன், கேளுங்கள் என்று தொடங்குவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! அதுவும் கோபத்தைக் காட்டாமல், ஒருவரையும் காயப்படுத்தாமல் செய்தார். அவருடைய பகிடிகளில் நான் மிகவும் மதிப்பது இந்தப் பண்பைத்தான்.

1988இல் ஜாஃபி கோஹன், டனி மக்வில்லியம்ஸ் என்ற இருவருடன் சேர்ந்து ஒரு குழு அமைத்தார். தாங்கள் யார் என்பதைக் குழுவின் பெயரிலேயே வைத்தார்கள். 1993இல் வாஷிங்டனில் ஓரினச்சேர்க்கையாளர்களின் உரிமைக்காக நடந்த பெரும் பேரணியில், லட்சக்கணக்கானவர்கள் முன்னால் மூவரும் நின்றார்கள். அடுத்த வருடம், 1994இல், த டுனைட் ஷோ என்ற இரவு நிகழ்ச்சியில் ஸ்மித் தோன்றினார். தன்னை மறைக்காத ஓரினச்சேர்க்கை நகைச்சுவைக்காரர் ஒருவர் அந்த நிகழ்ச்சியில் வந்தது அதுவே முதல் தடவை. அதே வருடம் எச்பிஓ தொலைக்காட்சியில் அரை மணி நேரம் தனியாக நிகழ்ச்சி செய்தார். அதிலும் அவர்தான் முதல் ஆள்.

இந்த ‘முதல்’ ஏன் பெரிது என்று கேட்பீர்கள். எலன் டிஜெனரஸ் என்ற அமெரிக்க நகைச்சுவைக்காரியின் பெயர் நம் வாசகர்கள் பலருக்குத் தெரியும். அவர் அதே இரவு நிகழ்ச்சிக்கு 1986இலேயே வந்துவிட்டார், சபையைக் கலகலக்க வைத்தார். ஆனால் தான் பெண்ணை நேசிக்கும் பெண் என்பதை அவர் வெளியில் சொன்னது 1997இல். அவ்வளவு பெரிய திறமைசாலி பதினொரு வருடம் தன் வீட்டைப் பற்றி வாய் திறக்காமல் நாட்டைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். ‘திறமையை மட்டும்’ என்று நீங்கள் கேட்பது இப்படியான ஏற்பாட்டைத்தான். அப்படி மறைத்து வாழ்ந்தவர்கள் அதற்குக் கொடுத்த விலை எனக்கு அதிகமாகப் படுகிறது.

நம்முடைய ஊரில் கொம்புமுறி விளையாட்டு நடக்கும்போது வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரியும். ஒருவரை ஒருவர் ஏசிப் பாடுவார்கள். சில ஏச்சுகளைச் சபையில் திருப்பிச் சொல்லவே கூசும். ஆனாலும் யாரும் நொந்து போவதில்லை, ஏனென்றால் மற்றச் சேரிக்கும் வாய் இருக்கிறது, அவர்களும் திருப்பிப் பாடுவார்கள். ஓரினச்சேர்க்கையாளர்களைப் பற்றி மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பகிடி இல்லையா? நிறைய இருக்கிறது. ரியூசன் வகுப்பில், கலியாண வீட்டில், கடற்கரையில், மென்மையாக நடக்கிற பொடியன் ஒருவன் தெருவில் போனால் போதும். இங்கே பாடுவது ஒரு சேரி மட்டும். மற்றவர் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும். பொப் ஸ்மித் செய்தது மற்றச் சேரிக்காகப் பாடியது.

அந்தச் சேரி இங்கே ஏன் பாடுவதில்லை என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில், ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. ஆங்கிலேயர் எழுதி வைத்தவை. 1995இல் திருத்தினார்கள், நீக்குவதற்கு அல்ல, பெண்களும் அதற்குள் வரும்படி அகலப்படுத்தினார்கள். இதை மாற்றுவதற்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் சட்டமூலம் நிறைவேறவில்லை, பாராளுமன்றம் கலைந்தபோது அதுவும் போய்விட்டது. ஒரு கேள்வி கேட்பதற்கே உங்கள் பெயரை மறைக்கச் சொன்னீர்கள், காரணம் கேட்காமல் மறைத்தோம். சிறைத் தண்டனையும் வீட்டாரின் கோபமும் ஒன்றாக எதிரே நிற்கும் ஒருவருக்கு எவ்வளவு பயம் இருக்கும்!

பொப் ஸ்மித்தின் தொலைக்காட்சி எழுத்தைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். மாட் டிவி என்ற நகைச்சுவை நிகழ்ச்சிக்கு எழுதினார், ரொசான் என்ற நகைச்சுவை நடிகை நடத்திய உரையாடல் நிகழ்ச்சிக்கு எழுதினார். அங்கே எழுதுபவரின் வரி இன்னொருவர் வாயில் போய்விடும். அவருடைய சொந்தக் குரலைக் கேட்க வேண்டுமானால் கட்டுரைகளுக்குத்தான் வர வேண்டும். 1997இல் வந்த முதல் தொகுப்புக்கு லம்டா இலக்கிய விருது கிடைத்தது. அப்புறம் நாவல்களும் எழுதினார்.

பிறகு ஏஎல்எஸ் வந்தது. தசைகளை இயக்கும் நரம்புக் கலங்கள் ஒவ்வொன்றாக அழிகிற நோய். பெரும்பாலும் புத்தி தெளிவாக இருக்கும், உடம்புதான் கைவிடும். மேடையில் நாக்கைக் கொண்டு பிழைத்த மனிதருக்கு நாக்கே குழறத் தொடங்கி, பேச்சு முழுதாக நின்றுபோனது. அப்போதும் இயங்கிய ஒரு கையால் ஐபேட்டில் எழுத்து எழுத்தாகத் தட்டி இன்னொரு கட்டுரைத் தொகுப்பை எழுதி முடித்தார். அது 2016இல் வெளிவந்தது. 2018 ஜனவரியில், 59 வயதில் இறந்தார். திறமையைப் பற்றி எழுதச் சொன்னீர்களே, இதைவிடப் பெரிய திறமை எனக்குத் தெரியவில்லை. வாழ்ந்ததை அப்படியே சொல்லிப் பழகியவருக்குத்தான் கடைசியிலும் சொல்வதற்கு ஏதோ இருந்தது என்று நான் நம்புகிறேன்.

பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்கிறீர்கள். வாசிக்கட்டும். ஓரினச்சேர்க்கையாளர்களைக் கேலி செய்யும் பகிடிகளைப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும்போது அதே பிள்ளைகள்தான் பக்கத்தில் இருந்து கேட்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு, அது தன்னைப் பற்றியது என்று உள்ளுக்குள் தெரிந்திருக்கலாம். அந்தப் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம், என் வீட்டிலும் இருக்கலாம். அந்தப் பிள்ளை கேட்டு வளர்வதெல்லாம் ஏச்சாக மட்டும் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் தலைப்பிலேயே போட்டோம்.

இனியும் போடுவோம். களுவாஞ்சிக்குடியில் இருந்தோ கல்முனையில் இருந்தோ ஒரு பொடியன், அல்லது ஒரு பெண்பிள்ளை, தன் வீட்டுக் கதையைப் பகிடியாக எழுதி அனுப்பினால் இந்தப் பக்கத்திலேயே இடம் கொடுப்போம். பெயரைப் போடுவதா விடுவதா என்பதை எழுதுகிறவரே சொல்லட்டும். தபாலில் அனுப்பப் பயமாக இருந்தால் அலுவலகத்துக்கு நேரில் வரலாம், பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகு நான் இருப்பேன்.